களி உருண்டை இரைப்பைக்குள் போனபின் என்ன ஆகிறது? செரிமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒருவர் ‘வயிறு சரியில்லை’ என்றால் அது நெஞ்சுக்குழி எரிச்சலாக இருக்கலாம், தொப்புளைச் சுற்றிய இழுவையாக இருக்கலாம், அடிவயிற்று உப்புசமாகவும் இருக்கலாம். இங்கே பேசுவது அதில் ஓர் உறுப்பைப் பற்றித்தான்: இரைப்பை. ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ ஒகேனக்கல் தண்ணீரோ குடிக்கும் நம் மக்களுக்கு வரும் சந்தேகங்களை வைத்தே கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன.

இரைப்பை எங்கே இருக்கிறது, எவ்வளவு கொள்ளும்?

இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், நெஞ்சுக்குழியை ஒட்டி. வயிற்றைக் காட்டச் சொன்னால் பலர் தொப்புளில் கை வைப்பார்கள். அங்கே இருப்பது சிறுகுடல்.

காலியாக இருக்கும்போது சுருங்கி, உள்தோல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அப்போது 100 மில்லிகூடக் கொள்ளாது. சாப்பிடச் சாப்பிட மடிப்புகள் விரிந்து 1 முதல் 1.5 லிட்டர் வரை இடம் தரும். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் நரம்பு வழியாகச் செய்தி போய் மேல்பகுதி தானாகத் தளர்ந்துகொடுக்கிறது. அதனால்தான் இரண்டாவது உருண்டை உள்ளே போனபோதும் அழுத்தம் ஏறுவதில்லை. இந்தத் தளர்வு குறைந்தவர்களுக்கு நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து முட்டும்.

மேல்பகுதியைக் குதிர் என்றும் கீழ்ப்பகுதியை ஆட்டுக்கல் என்றும் நினைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாகப் புரியும். மேலே சேமிப்பு, கீழே அரைப்பு. கடைசியில் பைலோரஸ் என்ற தசை வளையம்; அதுதான் வாசல்.

சாப்பிட்டது முழுவதும் இரைப்பையில்தான் செரிக்கிறதா?

இல்லை. புரதத்தில் 10 முதல் 20 சதவீதம், கொழுப்பில் 10 முதல் 30 சதவீதம் வரைதான் இங்கே உடைகிறது. மாவுச்சத்தை உடைக்க இரைப்பைக்குச் சொந்த நொதியே கிடையாது. வாயில் கலந்த உமிழ்நீர் நொதிதான் களி உருண்டையின் நடுவில் இருந்துகொண்டு, அமிலம் ஊறி உள்ளே வரும்வரை அரை மணி நேரமோ கொஞ்சம் கூடுதலாகவோ வேலை செய்யும். பெரிய வேலையெல்லாம் சிறுகுடலில், கணைய நீரும் பித்தநீரும் சேர்ந்தபின்.

அப்படியானால் இரைப்பை எதற்கு? மொத்தமாக வந்ததை வாங்கி வைத்து, அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, சிறுகுடல் தாங்குகிற அளவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டவர்களும் உயிர் வாழ்கிறார்கள். ஒரே வேளையில் வயிறாரச் சாப்பிட முடியாது, ஒரு நாளில் ஆறேழு முறை கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பி12 ஊசி வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். இரைப்பை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அந்தக் குறைகளே காட்டிவிடுகின்றன.

நம் ஊர் வயிற்றுத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை ‘அமிலம் அதிகம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பல நேரம் அமிலத்தின் அளவு சரியாகத்தான் இருக்கும். உணவுக்குழாய் வந்து சேரும் மேல் வாய் சரியாக மூடாதது, உள்தோலின் காப்பு தேய்ந்தது, கீழ் வாசல் மெதுவாகத் திறப்பது, இப்படிக் கோளாறு வேறெங்காவது இருக்கும்.

பல் இல்லாத இரைப்பை எப்படி அரைக்கிறது?

குடலின் மற்ற பகுதிகளில் தசை இரண்டு அடுக்கு: நெடுக்காக ஒன்று, வளையமாக ஒன்று. இரைப்பையில் மட்டும் சாய்வாக ஓடும் மூன்றாவது அடுக்கும் உண்டு. அதனால் நீட்டவும் நெரிக்கவும் முறுக்கவும் முடிகிறது.

இரைப்பையின் நடுப்பகுதியில் தொடங்கும் ஓர் அலை நிமிடத்துக்கு 3 முறை வாசலை நோக்கி இறங்கும். காஜல் செல்கள் என்பவை இந்தத் தாளத்தைப் போடுகின்றன. அலை கீழே வர வர இறுகும். அலை எட்டுவதற்குள் வாசல் சற்றே திறந்திருந்து, கரைசலாகிவிட்ட கொஞ்சம் கூழ் மட்டும் வெளியே போகும். அடுத்த நொடி வாசல் மூடிக்கொள்ள, முன்னால் தள்ளப்பட்ட கட்டிகள் போக வழியின்றி வேகமாகப் பின்னோக்கிப் பீய்ச்சப்படும். முன்னால் தள்ளு, மூடு, பின்னால் பீய்ச்சு. இந்த மோதலில்தான் கட்டிகள் உடைகின்றன. 1 முதல் 2 மில்லிமீட்டருக்குக் குறைவான துகளே வாசலைத் தாண்டும். ராகி மாவைச் சலிக்கிற சல்லடை மாதிரி, பெரிதெல்லாம் மேலேயே தங்கி மறுபடி அரைபட வேண்டும்.

அரைபடாமல் மிஞ்சும் புளியங்கொட்டை, மிளகாய் விதை, நார் இவற்றின் கதி? இரைப்பை காலியானபின் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பம் போட்டதுபோல ஒரு பேரலை வரும். அந்த நேரத்தில் வாசல் அகலத் திறந்து, மிச்சம் மீதி எல்லாம் குடலுக்குள் போய்விடும். காலையில் வயிறு கடகடவென்று சத்தம் போடுவது இந்தப் பெருக்கல்தான். ஓயாமல் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தப் பெருக்கல் நடக்க நேரமே கிடைக்காது.

களியை மெல்லக்கூடாது, விழுங்கத்தான் வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

நன்றாக வெந்த களிக்குச் சரி. வேகாத களிக்குத் தவறு.

சோற்றையோ கறியையோ மெல்லாமல் விழுங்கினால் கட்டிகளை உடைக்க இரைப்பைக்கு நேரம் பிடிக்கும். களி வேறு. அது முதலிலேயே மாவாக அரைபட்டது. வேகும்போது மாவுமணிகள் தண்ணீர் குடித்து வீங்கி வெடித்துவிட்டன. உருண்டையாக உள்ளே போனாலும் இரைப்பையின் அலை அதைச் சீக்கிரமே கரைத்துவிடும். இழப்பு ஒன்று உண்டு: வாயில் உமிழ்நீர் கலக்கவில்லை. அந்த வேலையைக் கணைய நீர் பின்னால் செய்துகொள்கிறது.

கோளாறு வருவது கிண்டுவதில். ஒரு பங்கு மாவுக்குச் சுமார் இரண்டு பங்கு தண்ணீர். நொய் போடுவதானால் அது குழைய வெந்தபின் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் துளை போட்டு, மூடி, சிறுதீயில் ஆவி ஏற விட வேண்டும். அவசரப்பட்டு உடனே கிண்டினால் உள்ளே வெள்ளைமாவுக் கட்டிகள் நின்றுவிடும். உருண்டையைப் பிட்டுப் பாருங்கள்: வெந்த இடம் பளபளப்பான கரும்பழுப்பாக இருக்கும், வேகாத இடம் மங்கலாக, உலர்ந்து, தொட்டால் பொடியாக உதிரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது என்று வீட்டில் சொல்லும் சோதனை நல்ல சோதனைதான். பச்சை மாவுமணியை நொதியால் லேசில் திறக்க முடியாது. அது செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள கிருமிகளுக்கு இரையாகி வாயுவாகும். ‘களி எனக்குச் சேராது’ என்பவர்களில் பலருக்குச் சேராதது இந்தப் பச்சைமாவுதான்.

பல் போன பெரியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு உருண்டையாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்து மூச்சு நின்றுவிடும். குழம்பில் கரைத்துத் தளர்வாக்கியோ கூழாகவோ கொடுங்கள். மற்றவர்களும் ஒரு வாய்க்கு நெல்லிக்காய் அளவைத் தாண்ட வேண்டாம்.

இரைப்பை அமிலம் எவ்வளவு கடுமையானது? யார் சுரக்கிறார்கள்?

அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெறும் வயிற்றில் அதன் பி.எச். அளவு (7 நடுநிலை; எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1.5 முதல் 2. ஒரு நாளைக்கு மொத்த இரைப்பை நீர் 1.5 முதல் 2.5 லிட்டர். உள்தோலில் சிறு குழிகள். குழிகளின் சுவரில் அமிலம் சுரக்கும் சுமார் 100 கோடி செல்கள். ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப்பை வைத்திருக்கிறது. இரத்தத்தில் உள்ளதைப்போல் சுமார் 30 லட்சம் மடங்கு செறிவுக்கு அது ஹைட்ரஜனைத் தள்ளுகிறது. உடலில் இதற்கு ஈடான வேறொரு பம்ப் இல்லை.

பம்ப்பை முடுக்கும் பொத்தான்கள் மூன்று: நரம்பு, காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், ஹிஸ்டமின். குழம்பு தாளிக்கும் வாசனை வந்தாலே நரம்பு வேலையைத் தொடங்கிவிடும்; ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான அமிலத்தில் சுமார் 30 சதவீதம் உணவு இரைப்பையைத் தொடும் முன்பே தயாராகிவிடுகிறது.

அமிலத்துக்கு மூன்று வேலை. கிருமிகளைக் கொல்வது. புரதத்தின் சுருளை அவிழ்ப்பது. கோழிக்கறியில் எலுமிச்சை பிழிந்து வைத்தால் மேல்பகுதி வெளுத்து இறுகுமே, அதே மாற்றம்தான். மூன்றாவது, பெப்சினோஜென் என்ற உறங்கும் பொருளை பெப்சின் என்ற வெட்டும் நொதியாக எழுப்புவது. பெப்சின் பி.எச். 2 அருகில் மும்முரமாக வெட்டும், 5-ஐத் தாண்டினால் ஏறக்குறைய நின்றுவிடும். சுரக்கும் செல்லே அரிபட்டுவிடக் கூடாது என்பதால்தான் அது உறங்கும் நிலையில் சுரக்கிறது.

அதே அமிலச் செல்கள் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தையும் தருகின்றன. அது இல்லாமல் பி12 குடலில் உறிஞ்சப்படாது. இரைப்பையை எடுத்தவர்களுக்கு பி12 ஊசி தேவைப்படுவது இதனால்தான்.

கறியையே கரைக்கிற அமிலம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை?

உள்தோலின் மேல் ஒரு வழவழப்பான கோழைப் படலம், அதற்குள் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட். படலத்தின் வெளிப்பக்கம் பி.எச். 2, தோலை ஒட்டிய உள்பக்கம் ஏறக்குறைய 7. மில்லிமீட்டரைவிடக் குறைந்த கனத்தில் இந்த வித்தியாசம்! மேல்தோல் செல்களும் 3 முதல் 6 நாளுக்குள் உதிர்ந்து புதிதாகின்றன.

இந்தக் காப்பை நடத்துவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. களை எடுத்த, மூட்டை தூக்கிய உடம்புவலிக்கு மருந்துக்கடையில் தாங்களாக வாங்கி வாரக்கணக்கில் போடுபவர்களுக்குப் புண் வருவது இதனால்தான். ‘மாத்திரை வேண்டாம், ஊசி போடுங்கள்’ என்பது தப்பிக்கும் வழியாகாது. மருந்து இரத்தம் வழியாகவும் இரைப்பையை அடைந்து அதே காப்பைக் குறைக்கும்.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. யூரியாவை அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு கோழைக்குள் குடியிருக்கும். காரமும் கவலையும்தான் புண்ணுக்குக் காரணம் என்று உலகமே நம்பியிருந்தபோது, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு. இப்போது வழக்கமாக 14 நாள், இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். வலி நின்றதும் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

இதையெல்லாம் முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கி வெடித்து வயிற்றில் துளை விழுந்தது. உயிர் பிழைத்தார், துளை மூடவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த வில்லியம் போமான்ட், பட்டுநூலில் கறியையும் ரொட்டியையும் கட்டித் துளை வழியாக உள்ளே இறக்கி, மணிக்கொருமுறை இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடல் சூட்டில் வைத்து, வெளியிலும் அது கறியைக் கரைப்பதைக் கண்டார். வெறும் அரைப்போடு வேதிவேலையும் நடக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. 1833-இல் தன் குறிப்புகளைப் புத்தகமாக்கினார். அமிலம் ஹைட்ரோகுளோரிக் என்று 1824-இல் வில்லியம் ப்ரௌட்டும், பெப்சினை 1836-இல் தியோடார் ஷ்வானும் காட்டினார்கள்.

பள்ளியிலோ வீட்டிலோ செய்து பார்க்க ஏதாவது சோதனை உண்டா?

உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கிறது, அமிலம் அதை நிறுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகள். சோற்றுக் கஞ்சி ஒரு தேக்கரண்டி எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். குப்பிக்கு 2 தேக்கரண்டி ஊற்றுங்கள். முதல் குப்பியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி உமிழ்நீர். மூன்றாவதில் முதலில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர், கலக்கியபின் ஒரு தேக்கரண்டி உமிழ்நீர். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்றையும் 15 நிமிடம் நிறுத்தி வையுங்கள். பிறகு ஆளுக்கொரு சொட்டு நீர்த்த அயோடின்.

முதலாவது கருநீலமாகும். இரண்டாவதில் நீலம் வராது, அயோடினின் மஞ்சள் பழுப்பே தெரியும். மூன்றாவது மறுபடி நீலம்.

தப்பு நடக்கும் இடங்கள்: வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி அயோடின் நிறத்தையே அழித்துவிடும், எல்லாம் வெளுத்துப்போய் முடிவு தலைகீழாகும். கஞ்சி சூடாக இருந்தால் நொதியும் கெடும், நீலமும் தோன்றாது. கஞ்சி கெட்டியாக இருந்தால் 15 நிமிடம் போதாது. ஒருவர் உமிழ்நீர்க் குப்பியை இன்னொரு பிள்ளை தொட வேண்டாம்.

சாப்பிட்டது எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டுப் போகும்?

வெறும் தண்ணீரில் பாதி 10 முதல் 20 நிமிடத்தில் போய்விடும். கெட்டி உணவுக்குப் பொதுவாக 2 முதல் 4 மணி. எண்ணெய், கொழுப்பு மிகுந்த கறி விருந்துக்கு 4 முதல் 6 மணி. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் சி.சி.கே. என்ற ஹார்மோன் கிளம்பி வாசலை இறுக்கும். ‘இங்கே வேலை முடியட்டும், பொறு’ என்ற செய்தி அது.

வாசல் ஏறக்குறைய கலோரிக் கணக்கில் வேலை செய்கிறது: நிமிடத்துக்கு 2 முதல் 3 கலோரி. 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி. குழம்பும் கடைசலும் சேர்த்து 450 என்று வைத்தால் இரண்டரை மணியிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குக் களி சாப்பிட்டுக் காட்டுக்குப் போனவருக்கு உச்சிவேளை வரை பசிக்காதது இந்தக் கணக்குதான். ராகியின் தவிட்டுத்தோலில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் மாவு உடைவதையும் சற்று மெதுவாக்குகின்றன.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போகுமா?

சில நிமிடங்களுக்குக் கொஞ்சம். தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், செல்கள் உடனே ஈடுகட்டிவிடும். ஒரு டம்ளர், இரண்டு டம்ளரால் செரிமானம் கெடாது. நெஞ்சு கரிப்பு உள்ளவர்கள் மட்டும் ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிக்காமல் இருப்பது நல்லது. இரைப்பை உப்பினால் மேல் வாய் திறந்துகொள்ளும்.

புளியும் காரமும் மாம்பழமும் அமிலத்தைக் கூட்டுமா?

புளிக்கரைசல் இரைப்பை அமிலத்தைவிடப் பல மடங்கு மென்மையானது. அது போய் அமிலத்தைக் கடுமையாக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே வெந்துபோன உணவுக்குழாய் வழியாகக் கெட்டிப் புளிக்குழம்பு இறங்கும்போது எரியத்தான் செய்யும். மிளகாயின் கேப்சைசினும் அப்படியே: சூட்டை உணரும் நரம்புமுனையைத் தட்டி எரிச்சலைக் காட்டுகிறது, புண்ணை உண்டாக்குவதில்லை.

மாம்பழம் தின்று வயிறு கெடுவதற்கும் இரைப்பைக்கும் சம்பந்தம் குறைவு. அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் கூடுதல். ஒரே நேரத்தில் நாலைந்து பழம் போனால் சிறுகுடலால் முழுவதையும் உறிஞ்ச முடியாமல் பெருங்குடலில் புளித்து வாயுவும் பேதியும் ஆகும். செந்தூராவோ கிளிமூக்கோ, ஒரு வேளைக்கு ஒரு பழம் என்றால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை.

ஓசூரில் இரவு ஷிஃப்ட். நெஞ்சு கரிப்பு தாங்க முடியவில்லை. ஏன்?

இரவில் இரைப்பை பகலைவிட மெதுவாகக் காலியாகிறது. அமிலச் சுரப்போ மாலைக்குமேல் ஏறி, இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கேன்டீனில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, இடைவேளையில் பெஞ்சில் கால் நீட்டினால், நிறைந்த பை படுத்துக்கிடக்கிறது, மேல் வாய்க்குப் புவியீர்ப்பின் உதவியும் போய்விடுகிறது. சிகரெட்டும் மதுவும் மேல் வாயை இன்னும் தளர்த்தும்.

பெரிய சாப்பாட்டை ஷிஃப்ட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். நடுராத்திரியில் இட்லி, தயிர்சாதம், கூழ் என்று சிறிதாக. சாப்பிட்டு 3 மணி நேரம் படுக்காதீர்கள். வீட்டில் தலைமாட்டுக் கட்டில்காலுக்கு அடியில் இரண்டு செங்கல் அடுக்கினால் 15 சென்டிமீட்டர் உயரும், அது போதும். தலையணையைக் கூட்டினால் கழுத்துதான் மடியும், வயிறு நெரிந்து கரிப்பு கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். அப்போது இரைப்பைப் பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தொங்கும்.

சோடா, ஆப்பசோடா, காலையில் ஒரு ‘கேஸ் மாத்திரை’, இவை எப்படி?

ஆப்பசோடா அமிலத்தோடு சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் கரியமில வாயுவும். ஒரு கிராம் ஆப்பசோடா கால் லிட்டருக்கும் மேல் வாயு தரும். ஏப்பம் வருவது அந்த வாயுதான். உள்ளே இருந்த ‘கேஸ்’ வெளியே போனதாக நினைத்துக்கொள்கிறோம். இரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலுள்ள சோடியம் ஆகாது.

ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் மாத்திரைகள் பம்ப்பையே பூட்டுகின்றன. ஆனால் வேலை செய்கிற பம்ப்பைத்தான் பூட்ட முடியும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன் போட வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் பாதிப் பயன்தான். மேல்பூச்சு அமிலத்தில் மருந்து கெடாமல் காப்பதற்கு, எனவே பொடித்துக் கொடுக்கக் கூடாது. தேவையானவர்களுக்கு அருமையான மருந்து. காரணம் தெரியாமல் வருடக்கணக்கில் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், குடல் தொற்றும் எளிதாகும். உங்களுக்கு எதற்காகத் தொடங்கினார்கள், எத்தனை வாரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அது கேட்க வேண்டிய கேள்வி.

ஃபுளோரைடு தண்ணீர் பல்லைத்தானே கெடுக்கும், வயிற்றையுமா?

வயிற்றையும்தான். ஃபுளோரைடு இரைப்பையின் கடும் அமிலத்தில் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறுகிறது. மின்னூட்டம் இல்லாத அந்தச் சிறு மூலக்கூறு கோழைப் படலத்தையும் செல் சுவரையும் சுலபமாகக் கடந்து உள்தோலை உறுத்துகிறது. ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பல்லில் பழுப்புக் கறையோடு குமட்டல், நெஞ்சுக்குழி வலி, உப்புசம் என்ற புகார்களும் வருவதற்கு இது ஒரு காரணம்.

இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடும். இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். குழாயில் அந்த நீர் வரும் வீடுகளில் குடிக்க மட்டும் என்று நினைக்காமல் சமையலுக்கும் அதையே எடுங்கள்; களிக்கும் குழம்புக்கும் ஊற்றும் நீரும் வயிற்றுக்குத்தான் போகிறது.

குழந்தைக்குத் தொக்கம் விழுந்துவிட்டது என்கிறார்கள். உணவு மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்குமா?

ஒட்டாது. உள்தோல் சில நாளில் உதிர்ந்து புதிதாகிறது, மேலே சொன்ன பெருக்கல் அலை மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. சாப்பிட மறுப்பது, வாந்தி, மெலிவு ஆகியவற்றுக்குத் தொற்று, பூச்சி, இரத்தசோகை என்று வேறு காரணம் இருக்கும். அதைத் தேட வேண்டும். குழாய் வைத்து ஊதுவதும் வயிற்றை அழுத்தி நீவுவதும் கைக்குழந்தைக்கு ஆபத்து.

உண்மையிலேயே சிக்கிக்கொள்வன வேறு: நாணயம், மீன்முள், பொம்மையில் இருக்கும் வட்ட பேட்டரி. பேட்டரி உணவுக்குழாயில் நின்றால் 2 மணி நேரத்துக்குள் சுவரைப் பொசுக்கத் தொடங்கும். வாந்தி எடுக்கவைக்காமல், தொக்கம் எடுப்பவரிடம் போகாமல், நேராக மருத்துவமனை.

பால் குடித்த குழந்தை தயிராகக் கக்குகிறது?

நல்லதுதான். அமிலமும் பெப்சினும் பால் புரதத்தை இறுக்கித் திரளாக்குகின்றன. தெளிந்த நீர் முதலில் குடலுக்குப் போகிறது, திரள் மெதுவாகக் கரைகிறது. எடை கூடிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் உடனே காட்டுங்கள்.

அப்பாவுக்கு 15 வருடச் சர்க்கரை. நேற்று இரவுச் சாப்பாடு காலையில் வாந்தியில் அப்படியே வருகிறது. என்ன இது?

நீண்டநாள் சர்க்கரை இரைப்பை நரம்பைத் தளர்த்திவிடலாம். அலை பலவீனமாகி வாசலில் உணவு தேங்கும். சாப்பாடு குடலுக்கு வரும் முன்பே இன்சுலின் வேலை செய்துவிடுவதால் திடீரென்று சர்க்கரை இறங்கும், பிறகு எகிறும். நாளுக்கு 5, 6 சிறுவேளை, மசித்த உணவு, எண்ணெய் குறைவு. நார் மிகுந்த கீரைத்தண்டு, முருங்கைச் சக்கை, பனங்கிழங்கு தவிர்க்கவும்; அரைபடாத நார் திரண்டு பந்தாகிவிடும். வாசலில் புண் தழும்போ கட்டியோ அடைத்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்?

இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் போலக் கருத்துப் பிசுபிசுக்கும் மலம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. விழுங்கும்போது தடை, காரணமில்லாமல் எடை குறைவு, திடீரென்று கத்தி குத்தியதுபோல வலித்து வயிறு பலகையாக இறுகுவது, இவையும் அப்படியே.

நெஞ்சுக்குழி பாரத்தோடு வியர்வை, தாடையிலோ இடக்கையிலோ வலி, மூச்சு வாங்கல் இருந்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வரலாம்.

எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். எவ்வளவு நேரம்?

கெட்டி உணவு எடுத்து 6 முதல் 8 மணி. முந்தைய இரவு களியோ கறியோ என்றால் 8 மணியே வைத்துக்கொள்ளுங்கள். பால், பால் கலந்த காப்பி, டீ எல்லாம் உணவுக் கணக்கில் சேரும், ஏனென்றால் பால் உள்ளே திரளாகிவிடும். வெறும் தண்ணீர் பரிசோதனைக்கு 2 மணி முன்வரை. இரைப்பை தளர்ந்த சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நேரம் போதாது. முதல்நாளே மருத்துவமனையில் சொல்லிவிட்டு, மறுநாள் காலைச் சர்க்கரை மாத்திரையை, இன்சுலினை என்ன செய்வது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.